பண்ணைக்காட்டில் எட்டு சென்ட் பக்வீட்: பச்சையில் அறுப்பதா, கறுத்தபின் அறுப்பதா?

மாசி பாதி தாண்டியிருக்கும், கொடைக்கானல் மலைப்பக்கம் இருக்கிற பண்ணைக்காட்டிலிருந்து போன் வந்தது. "டீச்சர், பாதி பச்சையா நிக்குது, பாதி கறுத்துருச்சு. பச்சையிலேயே அறுத்துக் குடுங்க, சத்து அதுலதான் கூட, விலையும் கூடப் போடுறேங்கிறார் வாங்குறவர். கறுக்க விட்டா சத்தெல்லாம் இறங்கிப்போயிருமாம். நெசமா?"

உடனே பதில் சொல்லியிருக்கலாம். பக்வீட் மணியில் ருட்டின் என்று ஒரு பொருள் இருக்கிறது, இளசில் அதிகம், முற்ற முற்றக் குறைகிறது என்று நானும் எங்கேயோ படித்து வைத்திருந்தேன். ஆனால் நான் சொல்வதை நம்பி ஒருவர் வெள்ளாமையை அறுக்கப்போகிறார் என்றதும் வாய் வரவில்லை. "அண்ணே, சனிக்கிழமை வர்றேன், அதுவரைக்கும் கைவைக்காதீங்க" என்று மட்டும் சொன்னேன்.

நான் மதுரையில் பிளஸ் டூ மாணவர்களுக்கு வேதியியல் நடத்துகிறவள். போன் செய்த அண்ணனின் மகள் என்னிடம் படித்தவள், அப்படித்தான் பழக்கம். அவருக்குக் காபியும் மலைவாழையும்தான் தொழில். ஓரமாகக் கிடந்த எட்டு சென்டில் எதையாவது புதிதாகப் போட்டுப் பார்ப்பது அவருக்குப் பிடிக்கும். இந்தத் தடவை பக்வீட்.

பயிரும் இடமும்

பக்வீட் என்ற பெயரின் பின்பாதி கோதுமையைக் குறித்தாலும், கோதுமைக்கும் இதற்கும் ஒட்டு உறவு கிடையாது. புல் வகையே இல்லை. நம் ஊர்ச் சந்தையில் கிடைக்கும் சுக்கான் கீரையின் குடும்பம் இது. இலை இதய வடிவில் இருக்கும், தண்டு சிவப்போடும், பூ வெள்ளையாகவோ இளஞ்சிவப்பாகவோ கொத்துக் கொத்தாக வரும். மணி மூன்று பட்டையாக, சின்னப் பிரமிடு மாதிரி. வடக்கே இதைக் குட்டு என்கிறார்கள். தானியம் ஆகாத நவராத்திரி விரதத்தில் குட்டு மாவில் பூரி சுடுவார்கள். மதுரையில் டவுன்ஹால் ரோட்டுப் பக்கம் வடநாட்டுச் சாமான் விற்கும் பலசரக்குக் கடையில் புரட்டாசி வந்தால் பாக்கெட் தொங்கும். அந்த மாவு சீக்கிரம் சிக்கு வாடை அடிக்கும், வாங்குகிறவர்கள் அரைத்த தேதியைப் பார்த்து வாங்குங்கள்.

இந்தியாவில் இது பெரும்பாலும் இமயமலைப் பயிர்: காஷ்மீர், இமாச்சல், உத்தராகண்ட், சிக்கிம், அருணாச்சல். தெற்கே நீலகிரியிலும் பழனிமலையிலும் அங்கங்கே பயிரானதாக வேளாண் நூல்களில் இருக்கிறது, அதனால் பண்ணைக்காடு அப்படியொன்றும் அந்நிய மண் இல்லை. மார்கழி தொடக்கத்தில் ஒன்றரைக் கிலோ விதையைத் தூவினார். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த சமயம், குளிர் இருந்தது, மண்ணில் ஈரமும் இருந்தது. ஒரு மாதத்துக்குள் பூ.

அதே விதையில் ஒரு பிடி வாங்கிவந்து என் வீட்டு மொட்டைமாடியில் இரண்டு தொட்டியில் நானும் போட்டேன். செடி வந்தது, பூவும் பூத்தது, மணிதான் பிடிக்கவில்லை. இரண்டு தொட்டிக்கும் சேர்த்து ஒரு கைப்பிடி கூடத் தேறவில்லை. காரணம் இரண்டு. பூக்கும் சமயத்தில் வெயில் முப்பது டிகிரியைத் தாண்டினால் இந்தப் பயிரில் பூ கருகி உதிரும். மாசி மதுரையைப் பற்றிச் சொல்லவேண்டியதில்லை. இன்னொன்று, இதன் பூவில் இரண்டு சாதி உண்டு: சூல்முடி நீண்டு மகரந்தத்தாள் குட்டையாக ஒன்று, நேர் எதிராக இன்னொன்று. ஒரு சாதிப் பூவின் மகரந்தம் மற்ற சாதிப் பூவுக்குப் போய்ச் சேர்ந்தால்தான் மணி பிடிக்கும், அதற்குத் தேனீ வேண்டும். காபித் தோட்டத்தில் தேனீக்குப் பஞ்சமில்லை, என் மாடியில் ஏது தேனீ?

முதல் சனிக்கிழமை

ஒரே செடியில் எல்லாப் பருவமும் நிற்கிறது, அதுதான் இந்தப் பயிரின் தொல்லையும் எனக்குக் கிடைத்த வசதியும். நெல் மாதிரி ஒரே நேரத்தில் முற்றாது. அடியில் கறுத்த மணி, நடுவில் பழுப்பு, அதற்கு மேலே பச்சை, உச்சியில் இன்னும் பூ. பூ கருவுற்றதிலிருந்து மணி முற்ற ஏறக்குறைய நான்கு வாரம் ஆகும். ஆக ஒரே காலையில் நான்கு வாரத்தையும் உருவிக்கொண்டு வந்துவிடலாம்.

நானும் அண்ணியும் உட்கார்ந்து ஐந்தாகப் பிரித்தோம். நசுக்கினால் பால் வருவது, மாவுப் பதத்துக்கு இறுகிய பச்சை, பச்சையில் செம்மை ஏறியது, பழுப்பு, முழுக்கக் கறுப்பு. பால் பருவத்து மணியை வாயில் போட்டு மென்றால் முதலில் இனிப்பு, அடுத்த நொடியே நாக்கைப் பிடிக்கிற துவர்ப்பு. கறுத்த மணியின் உமியை உரித்து மென்றால் துவர்ப்பு லேசாகத்தான் தெரிந்தது, பச்சரிசி மாதிரி மாவு.

பிளேடால் குறுக்கே வெட்டிப் பார்த்தோம். எனக்கு இதில் பிடித்ததே அந்த வெட்டுமுகம்தான். முற்றிய மணியில் வெள்ளை வெளேரென்ற மாவுக்கு நடுவில், வெளிர் பச்சையும் மஞ்சளும் கலந்த ஒரு நாடா பாம்பு நெளிந்த மாதிரி மடிந்து ஓடும். அதுதான் முளைக்கருவின் விதையிலை. அரிசியில் முளை ஓர் ஓரமாக ஒட்டியிருக்கும், தீட்டினால் போய்விடும். பக்வீட்டில் அது மாவை ஊடுருவி நிற்கிறது. பால் பருவத்து மணியில் இந்த நாடா சரியாக உருவாகவே இல்லை, ஓட்டுக்குள்ளே தண்ணீர்தான் அதிகம். அண்ணி லென்ஸை வாங்கிப் பார்த்துவிட்டு, "இதுல என்னங்க டீச்சர் சத்து இருக்கு, வெறும் தண்ணியால்ல இருக்கு" என்றார். கடைசியில் நான் எழுத வேண்டியிருந்த முடிவில் பாதி அந்தப் பேச்சிலேயே இருந்தது, அப்போது எனக்குத் தோன்றவில்லை.

அங்கேயே ஒரு தப்பும் செய்தேன். ஐந்து வகையையும் ஈரத்தோடு பாலித்தீன் பையில் கட்டி, வத்தலக்குண்டு வழியாக பஸ்ஸில் மதுரைக்குக் கொண்டுவந்தேன். வீட்டில் பிரிக்கும்போது இளம் மணியெல்லாம் வெதும்பிப் பழுப்பாகிக் கிடந்தது, புளித்த வாடை வேறு. வெட்டிய வாழைக்காய் கறுக்கிற அதே விஷயம்: மணிக்குள் இருக்கிற நொதிகள் துவர்ப்பு தருகிற பொருட்களைத்தான் முதலில் தாக்கும். பக்வீட்டில் கூடுதலாக ருட்டினையே உடைக்கிற நொதியும் இருக்கிறது. அந்த ஐந்து பையையும் தூர எறிந்தேன்.

அடுத்த நாள் ஞாயிறு, திரும்பப் போனேன். இந்தத் தடவை அண்ணி வீட்டு இட்லிக் கொப்பரையில் துணி விரித்து, ஒவ்வொரு வகையையும் இரண்டு நிமிடம் ஆவியில் காட்டி எடுத்து, நிழலில் பரப்பினோம். ஆவி பட்டால் நொதி செயலிழந்துவிடும். இதை யாராவது செய்து பார்க்கப்போகிறீர்கள் என்றால் இந்தப் படியை விட்டுவிடாதீர்கள், இது இல்லாமல் பின்னால் செய்கிற எதற்கும் அர்த்தமில்லை.

சுண்ணாம்பும் அன்னபேதியும்

சரி, எதை அளப்பது? ருட்டினை முறையாக அளக்க விலையுயர்ந்த கருவி வேண்டும். என்னிடம் இருந்தது பள்ளி ஆய்வகமும் வீட்டு அடுக்களையும். எண்ணில் அளக்க முடியாது, எது கூட எது குறைவு என்று நிறத்தில் பார்க்கலாம்.

மஞ்சளில் சுண்ணாம்பு சேர்த்தால் ஆரத்தி சிவக்கிறது அல்லவா, அதே வழிதான். ஃபிளேவனாய்டு என்கிற கூட்டத்தைச் சேர்ந்த பொருட்கள் காரம் பட்டால் மஞ்சளாக மாறும், ருட்டினும் அப்படித்தான். வெற்றிலைக்குப் போடுகிற சுண்ணாம்பைத் தண்ணீரில் கரைத்துத் தெளியவிட்டு, அந்தத் தெளிநீரைப் பயன்படுத்தினேன். துவர்ப்பைத் தருகிற டானின் என்ற பொருளுக்கு அன்னபேதி, அதாவது இரும்பு உப்பு. கடுக்காய்த் தண்ணீரில் அன்னபேதியைப் போட்டால் கறுக்கும், அந்தக் காலத்து மை அப்படித்தான் காய்ச்சினார்கள், சாயப்பட்டறைக்காரர்களுக்கும் கடுக்காய் பழக்கமானது. கடுக்காயில் நீலம் பாய்ந்த கறுப்பு வரும். பக்வீட்டில் இருப்பது வேறு வகை டானின், அது பச்சை பாய்ந்த கறுப்பு. நாட்டு மருந்துக் கடையில் ஐம்பது கிராம் அன்னபேதி வாங்கினால் பத்து வருடத்துக்குப் போதும்.

முதலில் சாராயத்தில் ஊறவைத்துச் சாறு எடுத்தேன், இளம் மணியின் பச்சையம் முழுக்க அதில் இறங்கிவிட்டது. பச்சைச் சாற்றில் மஞ்சளை எப்படிப் பார்ப்பது? அப்புறம் வெந்நீருக்கு மாறினேன். பச்சையம் தண்ணீரில் கரையாது. ருட்டின் குளிர்ந்த தண்ணீரில் மட்டம்தான், வெந்நீரில் நன்றாகவே இறங்கும். ஜப்பானில் இந்த மாவில் செய்யும் சோபா நூடுல்ஸை வேகவைத்த தண்ணீரைக் கொட்டாமல் தனியாகக் குடிக்கிறார்கள், நாம் சோறு வடித்த கஞ்சியைக் குடிக்கிற மாதிரி. வேகும்போது ருட்டினில் ஒரு பங்கு அந்தத் தண்ணீருக்குப் போய்விடும், ஆக அந்தப் பழக்கத்தில் விஷயம் இருக்கிறது.

எடைக்கா, எண்ணிக்கைக்கா

காய்ந்த மணியை உமியோடு இடித்து, ஐந்து வகையிலும் ஒவ்வொரு கிராம் எடுத்து, ஒரே அளவு வெந்நீரில் ஊறவைத்து வடிகட்டி, ஐந்து சோதனைக்குழாயில் சுண்ணாம்புத் தெளிநீர் விட்டேன். பால் பருவத்துக் குழாய் பளிச்சென்று எலுமிச்சை மஞ்சள். அடுத்தது கொஞ்சம் குறைவு. அப்படியே படிப்படியாக இறங்கி, கறுத்த மணியின் சாறு வெளிறிய தேன் நிறம். போட்டோ எடுத்து அண்ணனுக்கு அனுப்பினேன். "பாத்தீங்களா டீச்சர், வாங்குறவர் சொன்னது சரிதான?" என்று உடனே பதில் வந்தது.

சரிதான். ஒரு கிராமுக்கு ஒரு கிராம் வைத்துப் பார்த்தால் இளசில்தான் அதிகம். உலகத்தில் பல இடங்களில் கருவி வைத்து அளந்தவர்களும் பெரும்பாலும் இதே போக்கைத்தான் எழுதியிருக்கிறார்கள். ஆனால் எனக்கு அண்ணி சொன்னது மனதில் ஓடிக்கொண்டே இருந்தது, வெறும் தண்ணியால்ல இருக்கு என்று. ஒரு கிராம் காய்ந்த மாவு தேற, பால் பருவத்தில் எத்தனை மணி இடித்தேன் என்று யோசித்தேன். கைநிறைய. கறுத்த மணியில் நாற்பது சொச்சம்தான்; நன்றாக முற்றிய மணி நூறு எடுத்தால் இரண்டரை கிராம் அளவுக்கு வரும்.

மறுபடி செய்தேன். இந்தத் தடவை எடை பார்க்காமல், ஒவ்வொரு வகையிலும் எண்ணி ஐம்பது மணி. மீதி எல்லாம் முன் மாதிரியே. படம் தலைகீழானது. பால் பருவத்துக் குழாய்தான் ஐந்திலும் வெளிறியது. செம்மை ஏறிய பருவத்தில் மஞ்சள் கூடியது, பழுப்பிலும் கறுப்பிலும் அதற்குக் குறையாமல் நின்றது. கண்ணால் பார்த்தவரை கடைசி மூன்றுக்கும் வித்தியாசம் சொல்ல முடியவில்லை.

இதை அண்ணனுக்குப் போனில் விளக்கத்தான் சிரமப்பட்டேன். கடைசியில் பாயசத்தில் வந்து நின்றது. ஒரு டம்ளர் பாயசத்தில் பத்து முந்திரி இருக்கிறது என்று வையுங்கள். அதோடு இன்னும் நாலு டம்ளர் பாலும் சேமியாவும் ஊற்றி, கூட இரண்டு முந்திரியும் போட்டால், பன்னிரண்டு முந்திரி ஐந்து டம்ளருக்குப் பரவும். ஒரு டம்ளர் மோந்து குடிக்கிறவருக்கு இரண்டோ மூன்றோதான் கிடைக்கும், அவர் முந்திரி குறைந்துவிட்டது என்பார். பாத்திரத்தில் முந்திரி கூடத்தான் செய்திருக்கிறது. மணிக்குள் நடப்பது இதுதான். முதல் ஒன்றரை வாரத்தில் ஃபிளேவனாய்டு செய்கிற நொதிகள் மும்முரமாக வேலை செய்கின்றன, ஏனென்றால் இளம் திசுவுக்கு வெயிலின் புற ஊதாக் கதிரிலிருந்தும் பூச்சியிலிருந்தும் பாதுகாப்பு தேவை. அதற்குப் பிறகு மாவு இறங்க ஆரம்பிக்கிறது, மணியின் எடை பல மடங்கு ஏறுகிறது, ருட்டின் அந்த வேகத்துக்கு ஏறுவதில்லை. சதவீதம் இறங்குகிறது. "இறங்கிப்போயிரும்" என்ற சொல்தான் இத்தனை குழப்பத்துக்கும் வேர். கேட்கிறவருக்கு மணியிலிருந்து சத்து ஒழுகிப் போகிற மாதிரி தோன்றுகிறது.

எட்டு சென்டுக்கும் சேர்த்துப் பார்த்தால் இன்னும் தெளிவு. பச்சையில் அறுத்தால் கிராமுக்கு அதிகம் உள்ள கொஞ்சம் மாவு. முற்றவிட்டால் கிராமுக்குக் குறைவாக உள்ள நிறைய மாவு. மொத்த ருட்டின் முற்றியதில்தான் கூட, சோறாகிற மாவும் அதில்தான்.

ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு நேரம்

இதுவரை பேசியது மஞ்சள் நிறம் தருகிறவற்றை மட்டும். அன்னபேதி சோதனை வேறு கதை சொன்னது. எண்ணிக்கை சமமாக வைத்துப் பார்த்தபோது பால் பருவத்தில் சாம்பல், செம்மை ஏறிய பருவத்தில் நல்ல கறுப்பு, முற்றியதில் திரும்பவும் வெளிறிய பச்சைச் சாம்பல். இதைப் பாயசக் கணக்கு விளக்காது, ஏனென்றால் மணிக்கு மணி ஒப்பிட்டும் குறைந்திருக்கிறது.

டானின் விதைத்தோலில் இருக்கிறது. இளசில் அது சின்னச் சின்ன மூலக்கூறுகளாக இருக்கும், தண்ணீரில் வரும், நாக்கில் துவர்க்கும். முற்றும்போது அவை ஒன்றோடொன்று கோர்த்து நீளமான சங்கிலியாகி, நார்ச்சத்தோடும் புரதத்தோடும் பிணைந்துவிடும். அப்புறம் வெந்நீருக்கு அசையாது. பொருள் அங்கேயே இருக்கும், சாற்றுக்கு வராது. பேரையூர், தே.கல்லுப்பட்டிப் பக்கம் சோளம் போட்டவர்களுக்கு இது புரியும்: துவர்ப்புள்ள கருஞ்சிவப்புச் சோளத்தைப் பால் பிடிக்கும்போது குருவி அவ்வளவாகத் தீண்டாது, முற்றினபின் மனுஷருக்கு அது களியாகவும் கூழாகவும் ஆகிறது. வாழைப்பிஞ்சு பழுக்கும்போது துவர்ப்பு போவதும் இதன் ஒன்றுவிட்ட உறவுதான்.

பச்சையம் முற்ற முற்ற மறையும். ஜப்பானில் கொஞ்சம் முன்கூட்டியே அறுத்த மணிக்கு மதிப்பு உண்டு, மாவில் பச்சைச் சாயலும் வாசனையும் இருக்கும் என்பதற்காக. அது ருசிக்கும் நிறத்துக்கும் கொடுக்கிற விலை, தப்பே இல்லை. வாங்குகிறவர் அப்படிச் சொல்லி விலை வைத்திருந்தால் நான் இத்தனை எழுதியிருக்க மாட்டேன்.

இதற்கெல்லாம் எதிர்த்திசையில் போகிற ஒன்றும் இருக்கிறது, பேச்சில் அடிபடாதது. ஃபாகோபைரிட்டால் என்று பெயர், ஒரு வகைச் சர்க்கரைச் சேர்மம், பக்வீட்டின் தாவரப் பெயரான ஃபாகோபைரம் என்பதிலிருந்து வந்த பெயர். இது இளம் மணியில் ஏறக்குறைய கிடையாது. முளைக்கரு வளர்ந்து, மணி காயத் தொடங்கும் சமயத்தில்தான் அந்த நெளிந்த நாடாவுக்குள் சேர்கிறது. அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழகத்தில் இதைப் பற்றி நிறைய வேலை நடந்திருக்கிறது. விதை தண்ணீரை இழந்து காயும்போது உயிரணு சிதையாமல் காப்பதில் இதற்குப் பங்கு உண்டு என்கிறார்கள். சாப்பிடுகிறவர்களுக்கு இதில் அக்கறை ஏன் என்றால், உடைந்தால் இதிலிருந்து டி-கைரோ-இனோசிட்டால் வரும், அது இன்சுலின் வேலையோடு சம்பந்தப்பட்டது. 2003-இல் கனடாவின் மனிடோபாவில் நீரிழிவு உண்டாக்கப்பட்ட எலிகளுக்கு இந்தப் பொருள் அடங்கிய பக்வீட் சாரத்தைக் கொடுத்தபோது ரத்தச் சர்க்கரை 12 முதல் 19 சதவீதம் வரை குறைந்தது. எலியில் வந்தது எலியில் வந்ததுதான், சர்க்கரை மாத்திரையை யாரும் நிறுத்திவிடாதீர்கள். நான் சொல்லவருவது இவ்வளவே: பச்சையில் அறுத்தால் இந்தப் பொருள் சேர்வதற்கு முன்பே கதவைச் சாத்திவிடுகிறோம். ஆக "சத்து" என்று ஒற்றைச் சொல்லில் கேட்டால் பதில் கிடையாது. எந்தச் சத்து என்று கேட்க வேண்டும்.

இரும்பும் துத்தநாகமும் உடம்பில் சேரவிடாமல் பிடித்து வைக்கிற பைட்டிக் அமிலமும் கடைசிப் பருவத்தில்தான் சேர்கிறது. ஊறவைத்து முளைகட்டினால் அது குறையும், நம் வீடுகளில் பயறுக்கும் கேழ்வரகுக்கும் செய்வதுதான்.

ருட்டின்தான் வேண்டும் என்றால்

ருட்டினுக்காகவே ஒருவர் பக்வீட் தேடுகிறார் என்றால், அறுக்கும் நாளை முன்னும் பின்னும் தள்ளுவதில் கிடைப்பது சொற்பம். நாம் போட்டது சாதாரண வகை. இதன் மணியில் 100 கிராமுக்குச் சில பத்து மில்லிகிராமுக்கு மேல் ருட்டின் எதிர்பார்க்க முடியாது. இமயமலையில் இன்னொரு வகை உண்டு, தார்த்தாரி பக்வீட். அதில் 100 கிராமுக்கு ஒரு கிராமையே தொடும், தாண்டவும் செய்யும். வகை மாறினால் ஐம்பது, நூறு மடங்கு வித்தியாசம். ஆனால் அது கசக்கும், அதன் மாவில் தண்ணீர் பட்டதும் நொதி ருட்டினை உடைத்துக் குவெர்செட்டின் ஆக்கிவிடும், கசப்பு அங்கிருந்துதான் வருகிறது. இந்த நொதி மிகக் குறைந்த வகையை ஜப்பானில் தனியாக உருவாக்கியிருக்கிறார்கள்.

செடியில் ருட்டின் செழிப்பாக இருப்பது பூவிலும் இலையிலும். 1946-இல் அமெரிக்க வேளாண் துறை ஆய்வகத்தின் ஜேம்ஸ் கவுச்சும் உடன் பணிபுரிந்தவர்களும் பக்வீட்டை ருட்டினுக்கான மூலமாக 'சயன்ஸ்' இதழில் எழுதியபோது அவர்கள் எடுத்தது பச்சைச் செடியைத்தான், மணியை இல்லை. இதைக் கேட்டதும் அண்ணன், "அப்ப இலையைக் காயவச்சுப் பொடி பண்ணிருவமா?" என்றார். வேண்டாம் என்றேன். பச்சைப் பாகங்களில் ஃபாகோபைரின் என்று இன்னொன்றும் இருக்கிறது. அதை நிறையத் தின்ற வெள்ளைத் தோல் ஆடு மாடுகள் வெயிலில் நின்றால் தோல் சிவந்து புண்ணாகும். மணியில் அது மிகக் குறைவு. அறுத்தபின் தட்டையைப் பக்கத்து வீட்டு வெள்ளாட்டுக்குப் போடலாமா என்று கேட்டிருந்தார்கள், அதற்கும் இதே பதில்தான். கீரையாக எப்போதாவது ஒரு கைப்பிடி தின்பது வேறு, பொடியாக்கித் தினம் ஒரு கரண்டி விழுங்குவது வேறு.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பக்வீட் சிலருக்குக் கடுமையான ஒவ்வாமை தரும், ஜப்பானிலும் கொரியாவிலும் இது நன்கு தெரிந்த பிரச்சினை. முதல் தடவை சாப்பிடுகிறவர்கள் ஒரு சின்ன தோசை அளவுக்கு ஆரம்பித்தால் போதும்.

அறுப்பு

இத்தனையும் சொன்னபிறகும் அண்ணன் ஒரு காரியம் செய்தார், நான் தடுக்கவில்லை. இரண்டு சென்டைப் பச்சையில் அறுத்தார், வாங்குகிறவருக்காக. மீதி ஆறு சென்டை விட்டுவைத்தார்.

பச்சையில் அறுத்ததைக் காயவைத்தபோது மணி சுருங்கி, மூன்று பட்டையும் உள்வாங்கி, உமிக்குள் மணி ஆடியது. களத்தில் தூற்றும்போது பாதி மணி பதரோடு காற்றில் போய்விட்டது. அண்ணி முறத்தில் புடைத்துப் பார்த்தார், அப்போதும் தங்கியது கொஞ்சம்தான். உமி பிரியவும் மறுத்தது. வாங்குகிறவர் வந்து பார்த்துவிட்டு, எடை காணாது என்று சொல்லி, பேசிய விலையில் குறைத்து எடுத்துப்போனார்.

மீதி ஆறு சென்டுக்கு எப்போது அறுப்பது என்பதில் சத்தைவிட வேறு கவலை இருந்தது. எல்லா மணியும் கறுக்கட்டும் என்று காத்திருந்தால் அடிமணி உதிர்ந்துவிடும், கருப்பு மணிதான் கனமானது, அதை இழப்பதுதான் பெரிய இழப்பு. நான்கில் மூன்று பங்கு கறுத்ததும் அறுப்பதுதான் இந்தப் பயிர் போடுகிற நாடுகளில் வழக்கம், எங்கள் சோதனைக்குழாய்களும் அதற்கு ஒத்துப்போயின: பழுப்பில் இருக்கிற மணி ருட்டினை ஏற்கெனவே முழுசாகச் சேர்த்துவிட்டது, கறுப்பாவதற்கு நின்று அது கூடப்போவதில்லை. பங்குனி பிறப்பதற்கு இரண்டு நாள் முன்னால், விடியற்காலையில், பனி ஈரம் இருக்கும்போதே அறுத்தார்கள். ஈரத்தில் மணி உதிராது. வெயில் ஏறுவதற்குள் கட்டி, தார்ப்பாயில் நிறுத்தி, நாலு நாள் காயவிட்டு, தடியால் தட்டினால் மழை பெய்கிற சத்தத்தோடு கொட்டியது.

அந்த மாவில் அண்ணி ரொட்டி தட்டினார், சின்ன வெங்காயமும் பச்சைமிளகாயும் போட்டு, கேழ்வரகு ரொட்டி மாதிரியேதான். மாவில் பசை கொஞ்சம் கூட, தட்டும்போது கையில் எண்ணெய் தொட்டுக்கொள்ள வேண்டியிருந்தது. லேசான துவர்ப்பு, நல்ல வாசனை. வறுத்து அரைக்கலாமா என்று யோசித்து விட்டுவிட்டோம், சூடு அதிகமானால் ஃபிளேவனாய்டு குறையும்.

என் சோதனையில் ஒரு ஓட்டை இருக்கிறது, அதை அடைக்க வேண்டும். ஒரே நாளில் ஒரே செடியில் பறித்ததால், இளம் மணி எல்லாம் உச்சிக் கொத்திலிருந்தும் முற்றிய மணி எல்லாம் அடிக்கொத்திலிருந்தும் வந்தவை. உச்சியில் கடைசியாகப் பிடிக்கும் மணிக்கு அடிமணிக்குக் கிடைத்த தீனி கிடைக்காது, பருவ வித்தியாசத்தோடு இட வித்தியாசமும் கலந்திருக்கிறது. பூ விரிந்த அன்றைக்கே கொத்தில் நூல் கட்டி, ஒரே உயரத்தில், ஏழாம் நாள், பதினான்காம் நாள், இருபத்தொன்றாம் நாள், இருபத்தெட்டாம் நாள் என்று பறித்தால்தான் கணக்கு சுத்தமாக வரும். அண்ணன் ஆறு சென்டு மணியில் ஒன்றரைக் கிலோவை விதைக்கென்று வேப்பிலை போட்டு டின்னில் அடைத்துவைத்திருக்கிறார், அடுத்த மார்கழிக்கு. நான் நாலு கலரில் நூல்கண்டு வாங்கி வைத்துவிட்டேன், நூல் கட்டுகிற வேலை அண்ணியுடையது என்று பேச்சு.